‘பிள்ளை’ அட்டையில் ஒரு குறை

மூன்று வயதுப் பேத்திக்காகப் புத்தகக் கண்காட்சியில் 180 ரூபாய்க்கு வாங்கிய தமிழ்ச் சொல் அட்டைகள். மொத்தம் 40. தடிமனான அட்டை, கையைக் கீறாத வளைந்த முனைகள், தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய எழுத்து. இதற்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

என் மனக்குறை ‘பிள்ளை’ அட்டையில்தான். தவழும் குழந்தையின் படம், பின்பக்கம் ‘பிள்ளை என்றால் குழந்தை’ என்று ஒரே வரி. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம்? மதில்மேல் ஓடுவது அணிற்பிள்ளை, வேலியோரம் கீரிப்பிள்ளை. பிள்ளை உண்டானவளைப் பிள்ளைத்தாச்சி என்போம். தொல்காப்பியம் மரபியலில் சொல்லும் 9 இளமைப் பெயர்களில் இதுவும் ஒன்று. குட்டி, கன்று, மகவு, குழவி எல்லாம் அதே வரிசையில் வரும். அணிலையும் தென்னையையும் படத்தில் சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நானே அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு தென்னம்பிள்ளை வரைந்துவிட்டேன். இப்போது காலையில் எழுந்ததும், “தாத்தா, பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவோம்” என்று என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுக்கிறாள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.