பல் டாக்டர் சொன்ன கைவேலை: மூன்றரை வருட அப்ஸ்ட்ராக்ட் அனுபவம்

2021 டிசம்பரில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் விட்டது. முறுக்கு, சீடை எதையும் கடிக்கவில்லை. தூக்கத்தில் நறநறவென்று பல்லை அரைத்திருக்கிறேன், அதுவும் பல மாதமாக. பல் டாக்டர் தாடையை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்ன வேலைங்க பாக்கறீங்க?” என்றார். கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் என்றேன். “ஓ” என்று மட்டும் சொன்னார். ராத்திரி பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு பாதுகாப்பு உறை, நைட் கார்டு, செய்து தந்தார். கிளம்பும்போது, “கைக்கு ஏதாவது வேலை குடுங்க. கணக்கு வழக்கு இல்லாத வேலையா இருக்கட்டும்” என்றார். அந்த யோசனைக்கு பில் போடவில்லை.

முதலில் வாங்கியது மண்டலா, அதாவது வட்டத்துக்குள் சமச்சீரான கோலம் போட்ட, கலரிங் புத்தகம். பத்துப் பக்கம் தாண்டவில்லை. கோட்டுக்கு வெளியே கலர் போகக்கூடாது என்பது எனக்கு இன்னொரு ஆபீஸ். ஒரு இடத்தில் பச்சை தப்பிப் போனால், சமச்சீருக்காக எதிர்ப்பக்கமும் அதே தப்பைச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை இறுகியதுதான் மிச்சம். மண்டலா பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் புத்தி அப்படி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் பள்ளிக்கு வாங்கி மிச்சமான போஸ்டர் கலரை எடுத்து, வீட்டில் கிடந்த டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பிரிண்ட் அவுட் தாள்களின் மேலேயே பூசினேன். கடனாளிகள் பட்டியல் முழுக்க நீலத்துக்கு அடியில் போயிற்று. அவ்வளவு நிம்மதி. உருவம் எதுவும் இல்லாத இந்த அப்ஸ்ட்ராக்டைப் பத்திரிகைகளில் அரூப ஓவியம் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கிறுக்கல். சுவரில் ஒட்டி வைத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, “என்னடி இது, மழைக்குச் செவுத்துல பூசணம் பூத்த மாதிரி?” என்றாள். உண்மையைச் சொன்னால் அது நல்ல விமர்சனம். அப்படித்தான் இருந்தது.

இப்போது நான் பயன்படுத்துவது: 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், ஏ4 அளவு. அக்ரிலிக் கலர் ஐந்தே ஐந்து: டைட்டானியம் ஒயிட், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, தாலோ ப்ளூ, பர்ன்ட் சியன்னா. கறுப்பு வாங்குவதில்லை, நீலமும் சியன்னாவும் சேர்ந்தால் அதைவிட நல்ல கறுப்பு வரும். கருவிகளில் பாதி ஓவியக் கடையிலிருந்து வந்தவை அல்ல. காலாவதியான டெபிட் கார்டு இரண்டு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய சின்ன பெயிண்ட் ரோலர், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், கிழிந்த பனியன் துணி. பிரஷ் மூன்று இருக்கிறது. அதில் ஒன்றைக் கழுவாமல் தூங்கிப்போனதால் அது இப்போது குச்சி.

மூன்றரை வருடத்தில் மொத்தச் செலவு ஏறக்குறைய 15,000 ரூபாய். அதில் முதல் 3,000 வீண். 24 கலர் கொண்ட மலிவு செட் ஒன்று வாங்கினேன். மூன்று முறை பூசினாலும் அடியில் இருப்பது தெரிந்தது, அதில் வெள்ளை என்று இருந்தது சுண்ணாம்புத் தண்ணீர். ஐந்து டப்பா நல்லதாக வாங்குவது 24 டப்பா சுமாராக வாங்குவதைவிட மேல். தாளுக்கும் அதே கதைதான். மெலிந்த தாளில் இரண்டாவது பூச்சுக்கே அப்பளம் மாதிரி சுருண்டுவிடும், சுரண்டவே முடியாது.

சுரண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதி தருவது கலர் பூசுவதில் இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதல் நாள் தாள் முழுக்கச் சூடான ஆரஞ்சு பூசிக் காயவிடுவேன். அடுத்த நாள் அதன் மேல் நீலமும் வெள்ளையும் கலந்து தடிப்பாக ரோலரால் உருட்டுவேன். அது காயும் முன் டெபிட் கார்டின் விளிம்பை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சர்ர் என்று ஒரு சத்தம் வரும். தோசைக்கல்லைத் திருப்பியால் சுரண்டும்போது வருமே, அதில் கொஞ்சம் மெதுவானது. நீலம் கார்டின் விளிம்பில் சேர்ந்துகொண்டே வர, பின்னால் ஆரஞ்சு கோடு கோடாக வெளிப்படும். எங்கே அழுத்தினேனோ அங்கே பளிச்சென்று, எங்கே கை தளர்ந்ததோ அங்கே மங்கலாக. கார்டில் எம்பாஸ் செய்த எண்கள் இருக்கும் பக்கத்தைப் படுக்கப் போட்டு இழுத்தால் சீப்பு வாரியது மாதிரி தடம் விழும். அந்த ஒரு இழுப்பு முடியும்வரை மூச்சை வெளியே விட்டுக்கொண்டே போகிறேன் என்பதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். மூச்சை விடும்போது பல்லைக் கடிக்க எனக்கு வருவதில்லை.

இழுத்தது பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் ரோலர். அடுத்த நாள் மறுபடியும் கார்டு. என் தாள்களில் சில ஏழெட்டு பூச்சு வாங்கியவை. கையில் எடுத்தால் அட்டை மாதிரி கனக்கும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு அசிங்கமான கட்டம் வரும். முதல் பூச்சு அழகாக இருக்கும். மூன்றாவது பூச்சில் எல்லாம் சேறு. ஆரஞ்சும் நீலமும் ஈரத்தோடு கலந்தால் கழுநீர்ப் பானையின் நிறம் வரும், வேறெதுவும் வராது. தாலோ ப்ளூ இன்னும் மோசம். பட்டாணி அளவு வைத்தால் போதும், கிண்ணத்தில் இருக்கும் மஞ்சள் முழுவதையும் விழுங்கிவிடும். அந்தக் கட்டத்தில் மனம் அமைதி அடைவதெல்லாம் கிடையாது. எரிச்சல்தான் வரும். ‘வண்ணங்களோடு விளையாடுங்கள், கவலை பறந்துவிடும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் முதல் பூச்சோடு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் என்று நினைக்கிறேன். நான் செய்வது, சேறாகிவிட்டால் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவது. காய்ந்த சேறு நல்ல அடித்தளம். ஈரச் சேற்றைத் திருத்தப் போனால் இரவு பன்னிரண்டு ஆகிவிடும்.

சென்னையில் அக்ரிலிக் வைத்து வேலை செய்வதில் தனிச் சிக்கல் உண்டு. மே மாதத்தில் ஃபேன் ஓடினால் தட்டில் பிழிந்த கலர் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ஃபேனை நிறுத்தினால் நான் உருகிவிடுவேன். டிஃபன் பாக்ஸ் ஒன்றில் ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் கலரைப் பிழிந்துகொள்கிறேன். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்ததும் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். அதிலிருக்கும் பைண்டர் என்ற பசை ஈரத்தில் பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காயும்போது தெளிந்துவிடுவதுதான் காரணம். ராத்திரி கலந்த இளநீலம் காலையில் வேறு நீலமாக நிற்கும். முதலில் இதற்காகக் கலரைத் திட்டினேன். இப்போது காலையில் காபியோடு போய்ப் பார்ப்பதே ஒரு ஆவலாகிவிட்டது.

மிச்சக் கலரைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது காய்ந்தால் பிளாஸ்டிக். பழைய செய்தித்தாளில் துடைத்துப் போட்டுவிட்டு அப்புறம் பிரஷைக் கழுவலாம். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு பிளம்பருக்கு 600 ரூபாய் கொடுத்தேன்.

ஒரு முறை காசு கட்டி இரண்டு மணி நேரப் பயிலரங்கம் ஒன்றுக்கும் போனேன். கலரைத் தண்ணீராக்கி, சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கேன்வாஸில் கவிழ்த்துச் சாய்க்கும் முறை. பார்க்க அற்புதம், குமிழ் குமிழாகப் பிரியும். ஆனால் என் கைக்கு அதில் வேலையே இல்லை, புவியீர்ப்பு விசைதான் எல்லாவற்றையும் செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த கேன்வாஸ் காய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நான்கு கொசு அதில் சமாதி.

இது மருத்துவமா என்று தோழிகள் கேட்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று பிடித்ததைச் செய்ய விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை அவர்கள் வைக்கவில்லை. சும்மா 45 நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ. மீதிக் கால்வாசிப் பேரை யாரும் பேசுவதில்லை. நீலம் சேறாகும் இரவுகளில் நான் அந்தக் கட்சி.

2023-இல் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான்கு மாதம் ரோலரைத் தொடவே இல்லை. இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன், வெள்ளைத் தாளைப் பார்த்தாலே அழுகை வந்தது. அப்போது உதவியது ஒரு கவுன்சிலர், கலர் அல்ல. ஓவிய சிகிச்சை என்பது அதற்கென்று படித்தவர்கள் பக்கத்தில் இருந்து செய்யும் வேலை. நான் செய்வது கைவேலை.

நடுவில் நானே கெடுத்துக்கொண்ட ஆறு மாதம் ஒன்றும் உண்டு. படங்களை இணையத்தில் போட ஆரம்பித்தேன். பாராட்டு வந்தது. பிறகு ஒருவர், தன் சோஃபாவுக்கு மேட்சாக, “கொஞ்சம் கடல் பச்சை, கொஞ்சம் கோல்டு” போட்டு ஒன்று வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். நான்கு தடவை மாற்றச் சொன்னார். நான்காவது தடவை கார்டை இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், மறுநாள் காலையில் தாடை பழையபடி வலித்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது எங்கும் போடுவதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு யூடியூப்பைவிட நான் சிபாரிசு செய்வது ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966-இல் தொடங்கிய இடம். பணிக்கர் 1963-இல் ஆரம்பித்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், படிக்க வராது. எண், ஜாதகக் கட்டம், கணிதக் குறி எல்லாம் பத்தி பத்தியாக நிற்கும். அவற்றில் ஒன்றின் முன்னால் நின்றபோது எனக்கு லெட்ஜர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கூட்ட வேண்டிய அவசியமில்லாத லெட்ஜர்! அன்றிலிருந்து டேலி தாள்களைத் தூக்கிப் போடுவதில்லை. கிழித்து ஒட்டி, அதன் மேல் பூசி, பிறகு சுரண்டுகிறேன். எங்காவது ஒரு ‘மொத்தம்’ மட்டும் எட்டிப் பார்க்கும்.

2022-இல் மறைந்த அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூர் எனக்குத் தனிப் பிரியம். சிவில் இன்ஜினியராக இருந்தவர், மாலை நேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய்ப் பழகியவர். அவருடைய சிவப்பைப் பார்த்துவிட்டு வந்து என் சிவப்பைப் பார்த்தால் குங்குமத்துக்கும் செங்கல்பொடிக்கும் உள்ள தூரம். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பகலில் இன்ஜினியர் என்பதைத்தான் நான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சரி, பல் என்ன ஆயிற்று? முதல் நைட் கார்டை ஒன்பது மாதத்தில் கடித்தே ஓட்டை போட்டேன். இப்போது போட்டிருப்பது இரண்டு வருடமாக முழுசாக இருக்கிறது. ஓவியத்துக்கு முழுப் புகழையும் கொடுக்க முடியாது, இதே காலத்தில் சாயங்காலக் காபியையும் விட்டேன். ஆனால் மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும், ரிட்டர்ன் கடைசி நாள், ஜிஎஸ்டி போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும் நாள், வீட்டுக்கு வந்ததும் முதலில் கை போவது ரோலருக்குத்தான். நாற்பது நிமிடம். அதற்கு மேல் போனால் படத்தை நன்றாக்குகிறேன் என்று மெனக்கெட ஆரம்பித்துவிடுகிறேன், அங்கே நிறுத்திவிடுவது நல்லது.

கட்டிலுக்கு அடியில் 140 தாள் சேர்ந்துவிட்டது. போன மாதம் எண்ணிப் பார்த்தபோது மூன்று குறைந்தது. மகளைக் கேட்டேன், தெரியாது என்றாள். சமையலறையில் அரிசி டின்னை நகர்த்தியபோது அடியில் ஒன்று, எண்ணெய்த் தூக்குக்கு அடியில் இரண்டு. ஆரஞ்சும் நீலமும் எண்ணெய் வட்டத்தோடு.

“நல்ல கெட்டிப் பேப்பருடி, தண்ணி பட்டாலும் ஊறல” என்றாள் அம்மா. “பருப்பு டப்பாவுக்கும் ஒண்ணு வேணும். கொஞ்சம் மஞ்சளா இருந்தாப் பாரு.”