65 வாட், 64 ஜிபி: காரைக்குடி வெயிலில் ஒரு கோடிங் கம்ப்யூட்டர்

கோடிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் ப்ராசஸரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இன்டெல்லா, ஏஎம்டியின் ரைசனா என்று வாரக்கணக்கில் பட்டிமன்றம் நடத்திவிட்டு, பட்ஜெட் இடிக்கும்போது ரேமில், அதாவது திறந்து வைத்த புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகத்தில், கை வைப்பார்கள். 2023இல் வாங்கும்போது நான் ரேமுக்கு முதலில் காசை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எந்த ப்ராசஸர் வரும் என்று பார்த்தேன். வந்தது ரைசன் 7 7700. ரேம் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஆக 64. கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வீட்டிலிருந்தே ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிற எனக்கு இன்றுவரை அதுதான் சோறு போடுகிறது.

"அண்ணே, கோடிங்குக்கு எதுக்கு 64? 16 போதும். அந்தக் காசுல நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுக்கங்க" என்றார் கடைக்காரத் தம்பி. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேம் ஆடுகிறவர்கள், அவர் அப்படித்தான் சொல்வார். என் பக்கம் ஓடுவது வேறு. ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, திரையிலேயே ஒரு போலி ஃபோனை ஓட்டும் எமுலேட்டர், கோடை ஆப்பாக்கும் கிரேடில் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்), அது போதாதென்று கோட்லின் மொழிக்குத் தனியாக ஒரு டீமன், டாக்கரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஆப்புக்குப் பின்னால் இருக்கும் சர்வரான பேக்எண்டும், அப்புறம் குரோமில் மூட மனசு வராத டேப்கள். ஸ்டுடியோவோடு எமுலேட்டரும் ஓடக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. மற்றதெல்லாம் அதற்கு மேல். சாதாரண நாளிலேயே எனக்கு 30 ஜிபி பக்கம் போய்விடும், இரண்டாவது எமுலேட்டரைத் திறந்தால் 40. மிச்சமும் சும்மா கிடப்பதில்லை. படித்த ஃபைல்களையெல்லாம் என் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் அங்கே கேஷாக, அதாவது கைக்கெட்டும் நகலாக, வைத்துக்கொள்வதால், அடுத்த பில்டு (எழுதிய கோடை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றும் வேலை) டிஸ்க்கைத் தொடுவதே குறைவு.

ரேம் பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆபீஸ் கொடுத்த 16 ஜிபி லேப்டாப்பில் அடிக்கடி பார்ப்பேன். முதலில் மவுஸ் திக்கும். பிறகு பில்டு பாதியில் நிற்கும். கிரேடில் டீமன் எதிர்பாராமல் காணாமல் போய்விட்டது என்று ஒரே ஒரு வரி வரும், காரணம் இருக்காது. இடம் இல்லை என்று லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றிருக்கும்; சிஸ்டம் லாகில் போய்த் தேடினால்தான் தெரியும். ப்ராசஸர் மெதுவாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ரேம் இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, ரேமைப் போட்டால் மட்டும் போதாது. புது ஆண்ட்ராய்டு ப்ராஜெக்டில் கிரேடிலுக்கு 2048 எம்பி என்று உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கும். அதை நாமே கூட்டாவிட்டால் 64 இருந்தும் அது 2 ஜிபிக்குள்ளேயே திணறும். நான் 8 ஜிபி கொடுத்திருக்கிறேன்.

16 ஜிபி ஸ்டிக் நான்கு வாங்காமல் 32இல் இரண்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. இந்த ரைசன் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்5 வகை ரேம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200 வேகம் ஏஎம்டியின் அதிகாரபூர்வக் கணக்கு. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அது 3600க்கு இறங்கிவிடும். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு புது ரேமைப் பழகிக்கொள்ளும் மெமரி ட்ரெயினிங் என்று சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அமுக்கிவிடாதீர்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எக்ஸ்போவை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதியை, ஆன் செய்து 6000இல் ஓட்டுகிறேன். என் பில்டு நேரத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், அளவுக்குக் கொடுங்கள்.

சரி, ப்ராசஸர். 8 கோர், 16 த்ரெட்; அதாவது எட்டு வேலையாட்கள், ஒரே நேரத்தில் பதினாறு வேலை. முழு பில்டு போடும்போது எல்லாக் கோரும் வேலை செய்யும். ஆனால் நாள் முழுக்க நாம் போடுவது நாலு வரி மாற்றிவிட்டு ஒரு பில்டு. ஒரு மாட்யூல் (ஆப்பின் ஒரு பகுதி) முடிந்தால்தான் அடுத்தது என்று அது வரிசையில் நிற்கும். சமையல்கட்டில் பத்துப் பேர் சமைக்க நின்றாலும் அடுப்பு ஒன்று என்றால் ஒருவர்தானே கிண்ட முடியும்? அங்கே ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும். அதனால் 12, 16 கோர் என்று போகவில்லை.

வாட் கணக்கை நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். 7700க்கும் 7700எக்ஸுக்கும் வேகத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் முன்னது 65 வாட், பின்னது 105. 65 என்றாலும் முழு பாரத்தில் 88 வரை இழுக்கும், அதைத் தாண்டாது. இன்டெல் 13700க்கும் அதிகாரபூர்வக் கணக்கு 65தான், உச்சத்தில் 219 வரை போகும். என் அறை வளவை (வீட்டின் நடு முற்றத்தை) ஒட்டியது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் என்பதால் பகலில் தப்பிக்கலாம், ஏசி கிடையாது. சித்திரை, வைகாசியில் முழு பில்டு ஓடும்போது 85 டிகிரி காட்டும். பெட்டியோடு வந்த கூலரே தாங்குகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலைவரை வீட்டு இன்வெர்ட்டர்தான் கதி. குறைந்த வாட்டின் அருமை அன்றைக்குத் தெரியும். இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

வெயிலைவிடத் தொல்லை ஆடிக் காற்று. வளவு வழியாக வருகிற செம்மண் புழுதி கேபினெட்டின் முன்வலையில் சிவப்பாகப் படிந்துவிடும். தரையில் வைக்காமல் ஒரு பழைய மனைப்பலகை மேல் தூக்கி வைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

காரைக்குடியில் எம்சிஏ படிக்கும் அக்கா மகன் இப்போது கேட்கிறான்: "மாமா, உங்களது மாதிரியே எனக்கும் போட்டுடலாமா?" 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் 64ஐ அவனுக்குச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ரைசன் 5 7600, 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒற்றை ஸ்டிக்கில் மெமரி வேகம் பாதிதான் வரும், படிப்புக்கு அது போதும். விலை இறங்கியதும் அதே மாடலில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது விடமாட்டோம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், வேலைக்குப் போன பிறகு போர்டை மாற்றாமலே ப்ராசஸரையும் மாற்றிக்கொள்வான்.