கிலோவுக்கா, ஹெக்டேருக்கா: எதால் வகுப்பது?

இரண்டு கோதுமைப் பண்ணைகளின் பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணக்குப் போட உட்கார்ந்தேன். உரம், டீசல், விதை என்று கூட்டி முடிப்பதில் சிக்கலே இல்லை, வந்த தொகையை எதால் வகுப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கிலோ விளைபொருளுக்கு என்றும் சொல்லலாம், ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு என்றும் சொல்லலாம். கடைசியில் நான் எடுத்தது கிலோ.

ஹெக்டேர் கணக்கு சுலபம், நிலத்தின் அளவு வருடத்துக்கு வருடம் மாறாது. பக்கத்து ஓடையில் நைட்ரேட் சேர்வது மாதிரி அந்த இடத்தோடு நிற்கும் பாதிப்புக்கு அதுதான் சரி. எத்தனை மூட்டை விளைந்தது என்று ஓடை கேட்பதில்லை.

பசுங்குடில் வாயுவுக்கும் அதையே வைத்தால் ஏமாந்துபோவோம். ஒரு பேச்சுக்கு, முதல் பண்ணை ஹெக்டேருக்கு 3,000 கிலோ உமிழ்ந்து 6 டன் எடுக்கிறது, இரண்டாவது 1,800 உமிழ்ந்து 3 டன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேரில் இரண்டாவது ஜெயிக்கும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது 0.5, இரண்டாவது 0.6. குறைந்துபோன 3 டன்னை வேறு யாராவது காட்டை வெட்டி விளைவித்தால், அது ஹெக்டேர் பட்டியலில் எங்குமே வராது.

கிலோவின் தலைவலி விளைச்சல். போட்ட தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுங்குடில் வாயுவாகப் போகும் என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் பொது விகிதம். 100 கிலோ போட்டால் போவது 1 கிலோ நைட்ரஜன், ஆக்சிஜன் எடையும் சேர்ந்தால் அது 1.57 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, அது கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடேற்றும் என்பதால் 273-ஆல் பெருக்கினால் 429 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 6 டன் விளைந்தால் கிலோவுக்கு 71.5 கிராம், மழை பொய்த்து 3 டன்னாக இறங்கினால் 143. அதே விவசாயி, அதே உரம், ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு மடங்கு மோசம்! நானும் முதல் தடவை ஒரே வருட விளைச்சலை வைத்துப் போட்டு, நல்ல பண்ணையைப் போய்க் குறை சொல்லிவிட்டேன். இப்போது மூன்று வருட சராசரி இல்லாமல் தொடுவதில்லை. அப்புறம், ஈரத் தானியத்தையும் காய்ந்ததையும் ஒரே எடையாக எடுக்கக் கூடாது.

2018-இல் பூர், நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளை அலசியபோதும் விளைபொருளால்தான் வகுத்தார்கள், சிலவற்றுக்குப் புரதத்தால். அதுவும் நியாயம்தான், பாலையும் பாலாடைக்கட்டியையும் கிலோவுக்குக் கிலோ வைத்தால் பாலில் இருக்கும் தண்ணீரே ஜெயித்துவிடும்.

நான் போட்டதெல்லாம் தானியக் கணக்கு. நட்டு பல வருடம் காய்க்காமல் நிற்கும் மரப்பயிருக்கும் கிலோவே போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அங்கே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுவேன்.