நான்கு கோரா, எட்டு கோரா: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் தெளிந்தவை

விண்டோஸும் லினக்ஸும் நிறுவிய நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட மடிக்கணினி ஒன்றை ஆறு ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்தினேன். வாங்கிய புதிதில், விண்டோஸில் கணினியின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தை லாஜிக்கல் பிராசஸர் வாரியாகக் காட்டும்படி மாற்றியதும் எட்டுக் கட்டங்கள் தெரிந்தன. எட்டு கோர் என்றே எடுத்துக்கொண்டேன். அவற்றின் கீழேயே சாக்கெட் 1, கோர் 4, லாஜிக்கல் பிராசஸர் 8 என்று தெளிவாக எழுதியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை ஒரு கோரின் கணக்கிடும் அலகுகள் பல நேரம் சும்மா இருக்கின்றன. அந்த இடைவெளியில் இன்னொரு திரெட்டை (நிரலில் வரிசையாக ஓடும் ஒரு கட்டளைத் தொடர்) ஓட்டுவதற்காக இன்டெல் 2002-இல் கொண்டுவந்ததே ஹைப்பர்-திரெடிங். இதில் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி ரெஜிஸ்டர்கள் (கணக்கிடும் மதிப்புகளை வைக்கும் சிறு இடங்கள்) உண்டு. ஆனால் கணக்கிடும் அலகுகளும் கேஷ் என்னும் சிறிய வேக நினைவகமும் இரண்டுக்கும் பொது. இயங்குதளமோ இரண்டையும் வேலை கொடுக்கத்தக்க தனித்தனி இடங்களாக எண்ணிக்கொள்கிறது. இவையே லாஜிக்கல் பிராசஸர்கள்; அதனால்தான் நான்கு கோருக்கு எட்டுக் கட்டங்கள். ஒரே காணொளியை முதலில் நான்கு திரெட்டுகளிலும் பிறகு எட்டிலும் வேறு வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தேன். நேரம் ஓரளவு குறைந்ததே தவிர, பாதியாகவில்லை.

என்னை அதிகம் குழப்பியது சதவீதக் கணக்குதான். ஒரே திரெட்டில் ஓடும் என் நிரல் ஒன்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, டாஸ்க் மேனேஜர் அதற்கு ஏறத்தாழ 13 சதவீதம் காட்டியது. அதே நிரலுக்கு லினக்ஸின் டாப் கட்டளை 100 காட்டியது. இரண்டும் சரியே. முன்னது மொத்த எட்டு லாஜிக்கல் பிராசஸர்களையும் சேர்த்து நூறு என்று கொள்வதால் ஒன்றின் பங்கு 12.5 ஆகிறது, பின்னது வழக்கமான அமைப்பில் ஒவ்வொன்றையும் தனி நூறாகக் கொள்கிறது. ஆகவே கணினி மெதுவாகும்போது மொத்தச் சதவீதம் குறைவாக இருப்பதைக் கண்டு பிராசஸர் ஓய்வாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டாப் ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால் ஒவ்வொன்றின் நிலையும் தனி வரியில் வரும். இயங்குதளம் அந்த ஒற்றைத் திரெட்டை இடம் மாற்றி மாற்றி ஓட்டக்கூடும் என்பதால், பல வரிகளில் சிறிது சிறிதாகச் சுமை தெரிவதும் உண்டு.

இப்போதைய கணினியில் 12 கோர், 16 லாஜிக்கல் பிராசஸர். நான்கு பெரிய கோர்களுக்கு மட்டும் இரண்டிரண்டு திரெட்டுகள். எட்டுச் சிறிய கோர்களுக்கு ஒவ்வொன்றே. இரண்டால் வகுத்துக் கோர்களை எண்ணும் பழைய வழி இங்கு செல்லாது. சிறிய கோரும் பெரிய கோரும் ஒரே வேகமுடையவை அல்ல என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து இரு கணினிகளை ஒப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

கன்டெய்னருக்குள் (நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் அடைப்பு) நிரல் ஓட்டுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இரண்டு பிராசஸர் அளவுக்கு மட்டும் நேர ஒதுக்கீடு கொடுத்திருந்தாலும், உள்ளே இருக்கும் நிரலுக்குப் பதினாறுமே தெரியலாம். அது பதினாறு திரெட்டுகளைத் தொடங்கி, ஒதுக்கீடு தீர்ந்து அடிக்கடி நின்றுவிடும். அத்தகைய நிரல்களில் திரெட் எண்ணிக்கையை நானே அமைப்புக் கோப்பில் எழுதிவிடுகிறேன்.