விற்பனையிலிருந்து மனிதவளத்துக்கு: நான்கு மாத வார இறுதிப் பயிற்சி ஒன்றின் மதிப்பீடு

ஒன்பது ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கிச் சோப்பும் தேயிலையும் விற்ற பிறகு, மனிதவளத் துறைக்கு மாறும் எண்ணத்துடன் கிண்டிக்கு அருகே உள்ள ஒரு பயிற்சி மையத்தில் நான்கு மாத வார இறுதி வகுப்பில் சேர்ந்து, அண்மையில் அதை முடித்தேன். கட்டணம் 42,000 ரூபாய். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இதே வகையான பல மையங்களுக்கும் பொருந்தும் என்று உடன் படித்தவர்களிடம் கேட்டறிந்தேன்.

சேர்க்கை நடந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். விசாரிக்கச் சென்ற மறுநாளே ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். "சார், சேல்ஸ்ல இருந்தவங்களுக்கு எச்.ஆர். ரொம்ப ஈஸி, உங்களுக்குத்தான் ஆளுங்ககிட்டப் பேசத் தெரியுமே" என்றவர், இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் சேர்ந்தால் 6,000 ரூபாய் தள்ளுபடி என்றும், இன்னும் இரண்டே இடங்கள்தான் மிச்சம் என்றும் சொன்னார். மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டரிடம் இதே இரண்டு வாக்கியங்களை நூறு முறையாவது சொல்லியிருப்பவன் நான். அவருக்கும் டார்கெட் இருக்கிறது என்று அப்போதே புரிந்தது. புரிந்தும் 29ஆம் தேதி பணத்தைக் கட்டினேன்.

பயிற்சியில் முழு மதிப்பெண் பெறும் பகுதி சம்பளக் கணக்கு. அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதை நடத்துகிறார். முதல் மூன்று வாரங்களுக்கு அவர் கணினியைத் தொடவே விடவில்லை. வருகைப் பதிவேட்டிலிருந்து சம்பளச் சீட்டு வரை அனைத்தையும் தாளில், பேனாவால் போட வைத்தார். அவர் கொடுத்த கணக்குகளில் ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. மாதம் 20,600 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு ஜூலையில் ஊதிய உயர்வு கிடைத்துச் சம்பளம் 22,400 ஆகிறது. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000 என்பதால், வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் ஜூலையிலிருந்தே பிடித்தத்தை நிறுத்திவிட்டோம். அது தவறு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்பதால், இடையில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். அதுவும் 21,000க்கு அல்ல, 22,400 முழுவதற்கும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதமாக 168 ரூபாய், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதமாக 728 ரூபாய். "இந்த 168 ரூபாயை மிச்சம் பிடிச்சுக் கொடுத்துட்டதா நினைப்பீங்க, ஆனா அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் நிக்கிற அன்னைக்கு உங்க சட்டையைத்தான் பிடிப்பான்" என்றார் பெரியவர்.

அவரிடம்தான் 8.33 என்ற எண்ணின் சூட்சுமத்தையும் கற்றேன். நிர்வாகம் செலுத்தும் 12 சதவீத வருங்கால வைப்பு நிதியில் ஓய்வூதியக் கணக்குக்குப் போவது 8.33, குறைந்தபட்ச போனஸ் 8.33, ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் வழக்கமாகக் கேட்கும் கமிஷனும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33. எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கணக்கு.

பாடக் குறிப்புகளின் தரம் இதற்கு நேர்மாறானது. 29 சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், அச்சிட்டுக் கொடுத்த புத்தகம் பழைய சட்டங்களையே பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, தொகுப்புகளைக் கடைசியில் ஒட்டிய ஒற்றைத் தாளில் முடித்துக்கொள்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியக் கணக்கில் சேரும் என்ற புதிய வரையறை, சம்பளச் சீட்டையே மாற்றி எழுத வைப்பது. அதற்குப் பெரியவர் தாமாக ஒதுக்கிய ஒரு மணி நேரத்தைத் தவிர வகுப்பில் இடமில்லை. 42,000 ரூபாய் வாங்கும் மையம் புத்தகத்தைத் திருத்தி அச்சிட்டிருக்கலாம்.

ஆலோசகர் சொன்ன 'பேசத் தெரியும்' என்ற தகுதி உள்விசாரணை ஒத்திகையில் உடைந்தது. ஒன்பது நாட்கள் சொல்லாமல் விடுப்பு எடுத்த தொழிலாளியாகப் பெரியவர் உட்கார்ந்துகொள்ள, நான் விசாரிக்க வேண்டும். வீட்டில் கொஞ்சம் பிரச்சினை என்று அவர் தொடங்கியதுமே, "சரிண்ணே, கவலைப்படாதீங்க, திங்கட்கிழமையிலிருந்து கரெக்டா வந்துடுங்க, நான் பேசி முடிச்சுடறேன்" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, "தம்பி, நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்ல, நீங்க அதுக்குள்ள ஆர்டர் புக்கை எடுத்துட்டீங்க" என்றார். வகுப்பே சிரித்தது. கடைக்காரர் யோசிக்கத் தொடங்கும் முன் பில் போட்டுவிடுவது என் பழைய தொழிலின் திறமை. இங்கே எதிரில் இருப்பவர் முழுவதுமாகச் சொல்லி முடிக்கும்வரை வாய் மூடி இருப்பதும், கொடுக்க முடியாத உறுதியைக் கொடுக்காமல் இருப்பதும்தான் வேலை. மூன்று ஒத்திகைகளுக்குப் பிறகே நான் ஓரளவு தேறினேன்.

விற்பனை அனுபவம் முற்றிலும் வீண் என்று சொல்லவில்லை. ஊக்கத்தொகைத் திட்டம் வகுக்கும் பாடத்தில், இலக்கை எட்டிய விற்பனையாளர் மாதத்தின் கடைசி மூன்று நாள் ஆர்டர்களை ஏன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறார் என்பதை மனிதவளம் படித்த பட்டதாரிகளுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. நானே செய்ததுதானே.

வேலைவாய்ப்பு உதவி என்று அவர்கள் விளம்பரப்படுத்துவதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். எனக்கு ஏற்பாடு செய்த நான்கு நேர்காணல்களில் மூன்று கன்சல்டன்சிகளில் நடந்தன. நாளொன்றுக்கு இத்தனை அழைப்புகள், மாதம் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும், சேராவிட்டால் இன்சென்டிவ் இல்லை என்று அவர்கள் விவரித்தபோது, சோப்புக்குப் பதில் ஆட்கள் என்பதைத் தவிர வேறு மாற்றம் தெரியவில்லை. நான்காவது, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. சம்பளப் பட்டியலும் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளும் பார்க்கும் வேலை. இன்சென்டிவுடன் 48,000 வாங்கியவன் 31,000க்கு ஒப்புக்கொண்டேன். நேர்காணலில் கேட்டது ஒரே ஒரு கணக்கு, அதுவும் ஈ.எஸ்.ஐ. பற்றியது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்; அந்த மூன்றும் பெரியவருடையவை. சம்பளக் கணக்குப் பகுதியை மட்டும் தனியாக 14,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். விளம்பரத்தில் இது இருக்காது, ஆனால் உடன் படித்த ஒருவர் அழுத்திக் கேட்டதும் கொடுத்தார்கள். சேர்பவர்கள் ஞாயிறு காலை வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. சனிக்கிழமை மாலை வகுப்பை வேறொருவர் எடுக்கிறார், அவர் கணக்கைத் திரையில் ஓட்டிக் காட்டுவதோடு சரி.