91, 95, 100: ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல்?

கார் கைக்கு வந்த மூன்றாம் நாளே நண்பன் போன் போட்டான். செகண்ட் ஹேண்ட் முஸ்டாங் ஜிடி, 5 லிட்டர் வி8. "மச்சான், அமெரிக்காக்காரன் இதுக்கு 87 ஆக்டேன் ஊத்துறான். நம்ம ஊர் சாதா பெட்ரோலே 91. அப்போ நாம சும்மாவே பிரீமியம் போடுறோம்ல?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஒப்பிட்ட இரண்டு எண்களும் வேறு வேறு படியால் அளந்தவை. ஆக்டேனை ரான் (RON), மான் (MON) என்று இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். அமெரிக்க பங்க்கில் எழுதியிருப்பது இரண்டின் சராசரி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ரான் மட்டும். ஒரே பெட்ரோலுக்கு ரான் எண் நான்கைந்து கூடவே வரும். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம்முடைய 91. அவர்களுடைய 93 நமக்கு 98 பக்கம். நண்பன் பிரீமியம் என்று நினைத்து ஊற்றியது, அங்கே இருப்பதிலேயே மலிவான சரக்கு!

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜெர்மனியில் சாதா என்றாலே 95. கோலாலம்பூரில் 95, 97. கொழும்பில் 92, 95. ஓர் ஊரில் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது இன்னோர் ஊரில் சாதா. அதனால் 'பிரீமியம்' என்ற பெயரை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்ப்பதுதான் நல்லது. பவர், ஸ்பீடு என்று பெயர் இருந்தாலும், எண் கூடுகிறதா, இல்லை என்ஜினைச் சுத்தம் செய்யும் சேர்மானம் மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த எண் எதற்கு?

ஆக்டேன் எண் சக்தியின் அளவு அல்ல, பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்பட்டுச் சூடேறும்போது, ஸ்பார்க் ப்ளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை கலவை காத்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கையாக ஒரு மூலையில் தானே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். மேட்டில் உயர் கியரில் மிதிக்கும்போது 'டிக் டிக்' என்று உலோகத்தைத் தட்டுவதுபோல் கேட்குமே, அதுதான். எண் கூடக் கூடப் பெட்ரோல் அதிகம் பொறுக்கும். லிட்டருக்குள் இருக்கும் எரிசக்தி அதனால் கூடிவிடாது.

டர்போ வைத்த என்ஜின் காற்றைத் திணித்து அழுத்துகிறது. டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் என்ஜினுக்குக் கம்ப்ரெஷன் விகிதமே, அதாவது கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதே, அதிகமாக இருக்கும். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5-ல் 13:1. இரண்டுமே பொறுமையான பெட்ரோலைக் கேட்பவை. மலிவானதை ஊற்றினால் இன்றைய கார் உடைந்துவிடாது. நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூ ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளும், டர்போ அழுத்தத்தைக் குறைக்கும். என்ஜின் பிழைக்கும், பிக்கப் போகும்.

எவ்வளவு போகும்? அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ, பிரீமியம் கட்டாயமில்லை, போட்டால் நல்லது என்று கம்பெனியே சொல்லும் கார்களை 2017-ல் சோதித்தது. குதிரைத்திறன் சராசரியாக 1.4%, மைலேஜ் 2.7% கூடின. திறனில் அதிகம் கண்டது முஸ்டாங், 3.2%. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 2019-ல் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை செய்த சோதனையில் படம் கொஞ்சம் மாறியது. ஃபோர்டு எஃப்-150-ன் 3.5 லிட்டர் டர்போ என்ஜின் மணிக்கு 96 கி.மீ. வேகம் எட்ட, பிரீமியத்தில் 5.3 விநாடி, சாதாவில் 5.9. பிக்கப் வண்டியாக இருந்தாலும் அரை விநாடி என்பது பெரிய வித்தியாசம். அதே சோதனையில் டாட்ஜ் சார்ஜரின் 5.7 லிட்டர் வி8-க்குப் பிரீமியம் சொல்லும்படியான லாபம் தரவில்லை.

என் வாசிப்பு இது: டர்போ இருந்தால் எண்ணுக்கு மரியாதை கொடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'குறைந்தது 95' என்று இருந்தால் விவாதம் அதோடு முடிந்தது. 91 போதும் என்று இருந்தால் 95 போடுவது உங்கள் மனத் திருப்திக்குத்தான். எங்கள் வெயில் மட்டும் இதற்கு விலக்கு. மே மாதம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சுற்றுகிறீர்கள், அல்லது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளை விரட்டி ஏறுகிறீர்கள் என்றால், உள்ளே போகும் காற்றே கொதித்துத்தான் போகும். அந்த நாளுக்கு 95 வாங்குவது வீண் செலவில்லை. சென்னை ஓஎம்ஆர் சிக்னலில் நிற்பதற்கு எந்த ஆக்டேனும் உதவாது.

எத்தனால் வந்து குட்டையைக் குழப்பிய கதை

இந்தியாவில் இப்போது சாதா என்றால் இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன் அதிகம். இ20 கலந்த சாதா பெட்ரோலே 95 ரான் தொடுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்படியானால் 95-க்கு ஏன் தனியாகக் காசு? நியாயமான கேள்விதான். என் பதில்: பங்க்கில் 95 என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்து விற்பதை நம்பி வாங்கலாம். மற்றதை நான் 91 என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன். மூடியில் 95 கேட்கும் காரில் பந்தயம் கட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் 95 வாங்கினால் எத்தனாலிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதிலும் அது கலந்திருக்கும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, இ10-க்கு (பத்தில் ஒரு பங்கு எத்தனால்) டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6-7% குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய கார்களில் ரப்பர் குழாய், சீல் பற்றிய கவலை தனி.

இங்கேதான் மூன்றாவது சரக்கு வருகிறது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் விற்கத் தொடங்கிய எக்ஸ்பி100. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது, அப்போதே லிட்டர் 160 ரூபாய்ப் பக்கம். இதில் எத்தனால் கிடையாது. 100 என்ற எண்ணுக்காகவே வாங்குகிறார்கள். ஆனால் 95-க்கு டியூன் செய்த என்ஜினுக்கு 100 கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. என்னைக் கேட்டால் 100 ஓடும் காருக்கு அல்ல, நிற்கும் காருக்கு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில், கவர் போட்டு இரண்டு மாதம் நிறுத்தும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேங்கில் எத்தனால் இல்லாத பெட்ரோல் இருப்பது நல்ல காப்பீடு.

காசு? விலை நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும். சாதா 100 ரூபாய், 95 அதைவிட 8 ரூபாய் அதிகம், 100 ஆக்டேனுக்கு 60 ரூபாய் அதிகம் என்று வையுங்கள். லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும் கார் வருடம் 10,000 கி.மீ. ஓடினால் ஆயிரம் லிட்டர். 95-க்கு 8,000 ரூபாய் கூடுதல், 100-க்கு 60,000. பின்னதை ஊற்றுவதைவிட அந்தக் காசில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்கினால் கார் நிஜமாகவே வேகமாகத் திரும்பும், நிற்கவும் செய்யும்.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய வி8-க்கு அமெரிக்கக் கையேடு 87 போதும் என்கிறது. ஆக நம் 91-ல் அது ஓடும். ஊருக்குள் சாதா, மலைப் பயணத்துக்கு 95, மழைக்காலத்தில் நிறுத்துவதற்கு முன் கொஞ்சம் 100 என்று சொல்லிவிட்டேன். "இவ்ளோ பெரிய வண்டிக்கு சாதாவா சார்?" என்று பங்க் பையன் கேட்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

95 கேட்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நெடுஞ்சாலையில் எல்லா பங்க்கிலும் 95 கிடைக்காது. கிடைத்தாலும், விற்பனை குறைந்த பங்க்கில் பிரீமியம் டேங்கில் பழைய சரக்கு கிடக்கலாம். வேறு வழியில்லாமல் சாதா போட்டால் பயப்பட வேண்டாம். முழு மிதி மிதிக்காமல், உயர் கியரில் என்ஜினைத் திணறவிடாமல் ஓட்டுங்கள். டேங்கில் அந்த 91 இருபது லிட்டர் இருந்தால், 100 கிடைக்கும் அடுத்த பங்க்கில் இருபது லிட்டர் ஊற்றுங்கள். கலவை 95 தாண்டிவிடும்.