எக்ஸ்பாண்டிங் ஃபைல்: எல்லாம் சரி, சின்ன ரசீதைத் தவிர

எலாஸ்டிக் கயிறு அறுந்து புதிது மாட்டிய கையோடு எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் தபால், பில், காப்பீட்டுக் கடிதங்களுக்கு இந்த 13 பாக்கெட் ஃபைல் தோதுப்படுமா என்று நண்பர் ஒருவர் கேட்டதும் ஒரு காரணம். அகலவாக்கில் ஏ4 தாள் உட்காரும், விசிறிபோல் விரியும், மூடியுள்ள பிளாஸ்டிக் ஃபைல், எல்லாரும் பார்த்ததுதான்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 300 தாள் சேர்ந்தால் ஒன்றரை கிலோ. அந்த எடையோடு மூடியைப் பிடித்துத் தூக்கினால் பாக்கெட்டின் அடி ஒட்டு இழுபடும். கிழிவதற்கு முன் அந்த மடிப்பு வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். அப்போதே அடியில் கை கொடுத்துத் தூக்க ஆரம்பித்தால் பிழைத்தது. கிழிந்த பிறகு பசை தடவிப் பயனில்லை. ஃபைலின் பிளாஸ்டிக்கான பாலிபுரோப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. கனமான கட்டு பின் பாக்கெட்டில் இருக்கட்டும், முன்னால் வைத்தால் ஃபைல் குப்புற விழும்.

எலாஸ்டிக் மாற்றுவது பெரிய வேலையில்லை. 3 மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு போதும். ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு சின்ன வாஷரைக் கோர்த்து அதன்மேல் முடிச்சுப் போட வேண்டும். வாஷர் இல்லாவிட்டால் முடிச்சு நாளடைவில் ஓட்டையைப் பெரிதாக்கி வெளியே வந்துவிடும். கயிற்றை இறுக்கமாக வெட்டினால் மூடி வளையும்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். கடை ரசீதின் அகலம் 80 மில்லிமீட்டர், சிலது 57தான். அதைக் கிட்டத்தட்ட ஓர் அடி அகலமுள்ள பாக்கெட்டில் போட்டால் நேராக அடிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நுழைக்கும் ஒவ்வொரு ஏ4 தாளும் அதை இன்னும் கொஞ்சம் நசுக்குகிறது. வாரண்டிக்காக ரசீதைத் தேடும்போது, மூலையில் விசிறிபோல் மடிந்து கிடக்கும் ஒன்றை விரல் விட்டு நோண்டி எடுக்க வேண்டும். அதுவும் பாதி மங்கியிருக்கும். இத்தனை பாக்கெட் வைத்தவர்களுக்கு ஒன்றையாவது ஆழம் குறைத்துத் தைக்கத் தோன்றவில்லையே!

ஸ்டேப்ளர் அடித்து ஏ4 தாளோடு சேர்க்கலாம். ஆனால் அந்த ஸ்டேப்ளர் பின் அடுத்த தாளைக் கொக்கிபோட்டு இழுக்கும், ஈரக்காற்றில் துருவும் ஏறும். ஜெம் கிளிப் வைத்தால் மேல்பக்கம் மட்டும் தடித்துவிடும். அச்சின் மேல் செல்லோடேப் ஒட்டவே கூடாது. ரசீது வெப்பத்தாள், அதாவது மையில்லாமல் சூட்டால் எழுத்து தோன்றும் தாள்; பசை பட்ட எழுத்து அழிந்துவிடும். உருப்படியான வழி ஒன்றுதான். வாரண்டி பாக்கெட்டுக்குள் ஒரு எல் ஃபோல்டர் (இரண்டு பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறை), அதற்குள் ரசீதுகள், ரசீது கிடைத்த அன்றே எடுத்த ஒரு ஜெராக்ஸ். ஃபோல்டர் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் வெப்பத்தாளின் எழுத்தை மங்கவைக்கும், ஜெராக்ஸ் மையையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஆக, ஃபைலுக்குள் இன்னொரு ஃபைல். இதற்குத்தான் காசு கொடுத்தோம்!

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இடம் குறைவாக இருப்பதே இதன் பெரிய சௌகரியம். அலமாரித் தட்டு எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இந்த ஃபைலோ நிரம்பினால் மூட மறுக்கும், உடனே வேண்டாததைக் கழிக்க வேண்டிவரும். கடிதத்தை உறையோடு போடாமல், பிரித்து, மடிப்பை எதிர்ப்பக்கம் ஒருமுறை நீவிப் போட்டால் இன்னும் நிறையப் பிடிக்கும். மூன்றாக மடித்த தாள்கள் ஒரே இடத்தில் மேடு கட்டுவதால்தான் பாதி நிரம்பிய ஃபைல்கூட மூடாது. 13 பாக்கெட்டையும் நிரப்பவும் தேவையில்லை. ஒன்பது, பத்துக்கு மேல் தலைப்பு வைத்தால் எதை எங்கே போட்டோம் என்பதே மறந்துபோகும். காலி பாக்கெட்டுகள் பக்கத்துக் கட்டு விரிய இடம் கொடுக்கும். முதல் பாக்கெட் 'பார்க்க வேண்டியவை'. அதை வாரம் ஒருமுறை காலி செய்யாவிட்டால் மற்ற பாக்கெட்டுகளுக்கு வேலையே இருக்காது. தலைப்புச் சீட்டு நழுவும், மேலே டேப் போட்டுவிடுங்கள்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. அப்படியும், வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்குப் பதில்: வேண்டாம், அந்த ரசீதுத் தொல்லை ஒன்றுக்காகவே. லீவர் ஆர்ச் ஃபைல் (நெம்புகோலைத் தூக்கினால் வளையம் திறக்கும் அட்டை ஃபைல்) வாங்குங்கள். 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை, ரசீதின் மேல் ஓர வெற்றிடத்தை மட்டும் ஒட்டிய ஏ4 தாள், போட்டது போட்ட இடத்தில் நிற்கும். துளையிடக் கூடாத பத்திரங்களுக்குத் துளையுள்ள பாலிபுரோப்பிலீன் உறை கிடைக்கிறது. ஏற்கெனவே இதை வாங்கிவிட்டீர்களென்றால், எல் ஃபோல்டர் இல்லாமல் ஒரு ரசீதைக்கூட உள்ளே விடாதீர்கள்.